நொடிக்கு நாற்பத்தோராயிரம் சாப்பாடு

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய், மாலை ஐந்து மணி.

பெருமதிப்பிற்குரிய அஹ்சன் மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெங்களூரில் நீங்களும் ரமீஸா அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உம்மா சுகம். சமையல் கொட்டகை சுகம். சர்வர் சுகம். கடைசியாகச் சொன்னதை நீங்கள் ஏற்கமாட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். குடும்ப வாட்ஸாப் குழுவில் எதைப் போட்டாலும் படிப்பதற்கு முன்பே பதினேழு பேர் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். உங்கள் வரைபடத்துக்கும் அப்படித்தான் உயர்த்தினார்கள். இன்னொரு காரணமும் உண்டு. இது உங்கள் கைக்கு வியாழக்கிழமைதான் வரும் என்று கூரியர்காரர் சொன்னார். ட்ரயல் புதன்கிழமை. இது தற்செயல் அல்ல.

கூரியர்களையும் முழுக்க நம்பிவிட முடியாது. வேறு யாராவது பிரித்துப் படித்தாலும் நியாயம் யார் பக்கம் என்று புரியவேண்டும். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்கள் மாமியாரும் என் உம்மாவுமான மெஹர்னிசா, தொழிற்பேட்டையில் மூன்று தொழிற்சாலைகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறார். நானூறு பேர். காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை அவர்கள் கைப்பேசியில் எங்கள் தளத்தைத் திறந்து, சாதமா பிரியாணியா, மீனா முட்டையா என்று தட்டலாம். பதினோரு மணிக்குள் தட்டினால் அன்றைக்கு, அதற்குமேல் மறுநாளைக்கு. தளத்தை எழுதியவன் நான். எம்.ஏ. தத்துவம். நீங்கள் பி.இ. கணினி. இதை நீங்கள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாமல் இருக்கும் விதத்தை நான் கவனித்து வருகிறேன்.

நாளை நான்காவது தொழிற்சாலை. கார்களுக்கு ரப்பர் வளையம் செய்கிற இடம். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அங்கே தொழிலாளர் நலப் பொறுப்பில் இருக்கும் குணசுந்தரி மேடம் ஒரே ஒரு நாள் ட்ரயல் கொடுத்திருக்கிறார். பத்து மணி டீ இடைவேளையில் ஆர்டர் தளத்தில் விழவேண்டும். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு இறங்கவேண்டும். இரண்டும் நடந்தால் ஒரு வருட ஒப்பந்தம். ஒன்று தவறினாலும் வேறு கேட்டரிங்காரர். உம்மா இதை நம்பி இரண்டாவது அடுப்பு மேடை கட்டிவிட்டார். சிமெண்ட் இன்னும் முழுக்கக் காயவில்லை.

இந்த நிலைமையில்தான், புதன் காலை ஒன்பது மணிக்குப் பழைய சர்வரை நிறுத்திவிட்டு உங்கள் புதிய சர்வரை மாற்றிவிடப் போவதாகக் குழுவில் அறிவித்தீர்கள். பதினேழு கட்டைவிரல்.

ஆரம்பம் லோகுவிடமிருந்து. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர், வால்வு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மூன்று வாரத்துக்கு முன்பு உம்மாவுக்கு ஃபோன் போட்டார். உம்மா ஸ்பீக்கரில் வைத்திருந்தார்.

"இன்னாமா, உன் சைட்டு சுத்திக்கினே கீது. டீ டைமே பத்து நிமிசம். டீயும் ஆறிப்போச்சு, ஆர்டரும் போவல."

"அப்பொ மத்தியானம் இன்னா சாப்ட லோகு?"

"பக்கத்து மிசின்காரன் டப்பால பாதி. அவன் இன்னிக்கு எங்கூட பேசல."

உம்மா இதைக் குழுவில் சொன்னார். பதினோராவது நிமிடம் உங்கள் பதில். தளம் பழைய மொழியில் எழுதப்பட்டிருக்கிறது, கூட்டம் தாங்காது, முழுக்கப் புதிதாக எழுதுகிறேன். யார் எப்போது எதைக் கேட்டார்கள் என்று சர்வர் வரி வரியாக எழுதிவைக்கும் பதிவேடு ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்தேன். அன்று பெங்களூரிலிருந்து ஒரு வருகைகூட இல்லை. நோயாளியைப் பார்க்காமலே அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருக்கிறீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு முதல் சந்தேகம்.

நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நானூறு பேர். பத்து நிமிடம். அறுநூறு நொடி. நொடிக்கு ஒரு முழு ஆள்கூட இல்லை. மூன்றில் இரண்டு ஆள். ஆளுக்குப் பத்துத் தடவை தட்டினாலும் நொடிக்கு ஏழு தட்டல். இதற்கு எதற்குப் புது சர்வர் என்று உங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். நினைவிருக்கும்.

"இன்னைக்கு நானூறுடா. நாளைக்கு நாலு லட்சம் வந்தா?"

"நாலு லட்சம் பேருக்கு யாரு மச்சான் சமைக்கிறது?"

"அது சமையல் பிரச்சனை. நான் சொல்றது ஆர்க்கிடெக்சர்."

ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த உம்மா வெங்காயக் கத்தியை அப்படியே வைத்துவிட்டார். "நாலு லட்சமா? மாப்ள இன்னாடா சொல்றாரு? அவ்ளோ பெரிய அண்டா எங்க கெடைக்கும்?" அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இந்த வியாதி எனக்கும் இருந்தது. போன வருடம், யாரும் கேட்காதபோதே, தளத்தை வேகமாக்குகிறேன் என்று பதினோரு நாள் செலவழித்தேன். அன்றாட மெனுவை ஒவ்வொரு தடவையும் தேடி எடுக்காமல், ஒரு பிரதியை ஞாபகத்தில் வைத்திருந்து கொடுக்கும் ஏற்பாடு. மூன்று மில்லிநொடி மிச்சம். எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. அடுத்த நாள் சர்வர் முந்தின நாள் மெனுவையே ஞாபகம் வைத்திருந்தது. உம்மா கத்திரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். அறுபத்து மூன்று பேர் பழவேற்காட்டு நண்டு கேட்டிருந்தார்கள். "நண்டுன்னு எவன்டா சொன்னது?" என்று உம்மா கேட்டபோது மூன்று மில்லிநொடியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி. அளக்காமல் எதையும் வேகப்படுத்துவதில்லை. அளந்தவனையும் சும்மா விடுவதில்லை.

இனி உங்கள் வரைபடம்.

இரண்டு கம்பங்கள். பழைய சர்வர்: நொடிக்கு அறுபத்திரண்டு. புதிய சர்வர்: நொடிக்கு நாற்பத்தோராயிரம். என் கம்பம் கண்ணுக்கே தெரியவில்லை. தரையில் விழுந்த முடி மாதிரி இருந்தது. உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "உன்துது எங்கடா?" என்றார்.

எப்போது அளந்தது, எந்தப் பக்கத்தை அளந்தது என்று வரைபடத்தில் இல்லை. இவ்வளவு பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தேதிகூட இல்லாதது எனக்கு உறுத்தியது. நான் மறுபடி பதிவேட்டைத் திறந்தேன். இரண்டு சர்வரும் ஒரே இயந்திரத்தில்தானே இருக்கின்றன, இரண்டின் பதிவேடும் எனக்குத் தெரியும். நீங்கள் இதை யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

என் சர்வரை நீங்கள் அளந்தது வியாழக்கிழமை காலை பத்து மணி நாலு நிமிடம். டீ இடைவேளை. லாக்கரில் இருந்த கைப்பேசிகளை எடுத்து நானூறு நிஜ ஆட்கள் ஆர்டர் போட்டுக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், வேகத்தை அளக்கும் உங்கள் கருவி கற்பனை ஆட்களை அனுப்பியிருக்கிறது. அவர்களும் பிரியாணி கேட்டிருக்கிறார்கள். நிஜ ஆட்கள் வரிசையில் பின்னால் நின்றிருக்கிறார்கள். அன்றைக்கு லோகு உம்மாவிடம் சொன்னதை நான் எழுதமுடியாது. உம்மாவும் திருப்பிச் சொல்லவில்லை. "அந்தாளு ரொம்ப பேஜாரு ஆயிட்டான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

உங்கள் சர்வரை அளந்தது வெள்ளிக்கிழமை. தொடக்கம் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. முடிவு ஒன்று நாற்பத்தேழு. குழுவில் வரைபடம் ஒன்று நாற்பத்தொன்பது.

இந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். வெள்ளி. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

மச்சான், வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலிலிருந்து இரண்டே கால் வரை நம் தளம் ஆர்டர் எடுக்காது. உம்மாவின் உத்தரவு. அந்த நேரத்தில் யார் வந்தாலும், எதைக் கேட்டாலும், வாசலிலேயே ஒரே பதில். "ஜும்மா நேரம். இரண்டே காலுக்கு வாருங்கள்." மெனு கிடையாது, தேடல் கிடையாது, ஒரு பருக்கை சோறு கிடையாது. என் விதிகள் எல்லாவற்றையும் வரி பிசகாமல் உங்கள் மொழிக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். இந்த விதியையும் சேர்த்து. அதற்கு நன்றி. அதுதான் உங்களைக் காட்டிக்கொடுத்தது.

நீங்கள் கருவியை ஓடவிட்டுவிட்டு ஜும்மாவுக்குப் போயிருக்கிறீர்கள். சர்வரும் ஜும்மாவுக்குப் போயிருக்கிறது. ஐம்பத்தைந்து நிமிடம், நொடிக்கு நாற்பத்தோராயிரம் தடவை, கதவைச் சாத்திக்கொண்டு அதே வாசகத்தைச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு பதிலும் எத்தனை பைட் என்று பதிவேட்டில் இருக்கிறது. நூற்றெட்டு. அந்த இரண்டு வாக்கியத்தை நானே கையால் எண்ணிப்பார்த்தேன். எழுத்து, கால், கொம்பு, மெய்ப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், முற்றுப்புள்ளிக்கும் இடைவெளிக்கும் ஒவ்வொன்று, ஆக நூற்றெட்டு. எனக்கு ஆம்புலன்ஸ் ஞாபகம்தான் வந்தது.

ஆக நீங்கள் நிரூபித்தது ஒன்று. உங்கள் சர்வர் மிக வேகமாக "இல்லை" என்று சொல்லும்.

அப்படியானால் லோகுவின் கைப்பேசியில் எது சுற்றியது? நியாயமான கேள்வி. நேற்று டீ நேரத்துக்கு வால்வு கம்பெனிக்கே போய் லோகுவின் தோளுக்குப் பின்னால் நின்றேன். பதிவேட்டின்படி என் சர்வர் நாற்பது மில்லிநொடியில் பதில் சொல்லிவிட்டது. ஆனால் திரையில் பிரியாணி வந்துகொண்டிருந்தது. மேலிருந்து கீழே, ஒரு விரல் அகலம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு விரல். அந்தத் தகரக் கூரைக்கு அடியில் இருந்த எல்லாக் கைப்பேசிகளிலும் அதே பிரியாணி ஒரே நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"லெக் பீஸு வர்றதுக்குள்ள பெல் அட்சிடுவான்" என்றார் லோகு.

அந்தப் படம் பதினோரு எம்.பி. பக்ரீத் அன்று உம்மாவுக்கு நீங்கள் தந்த பரிசு. உங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவரையே கூட்டிவந்து எடுத்தது. தளத்தின் நெற்றியில் நீங்களே ஏற்றினீர்கள். உங்கள் கருவி இதைக் கண்டுபிடிக்காது. அது படத்தைக் கேட்பதில்லை. அதற்குப் பசி கிடையாது.

நேற்று மதியம் உம்மாவிடம் சொல்லாமல் படத்தைச் சின்னதாக்கினேன். இன்று பத்து மணிக்கு லோகுவே கூப்பிட்டார். "இன்னாபா பண்ண? தட்னதும் டக்குனு வந்துச்சி." ஒரு புது மொழி, மூன்று வாரம், பதினேழு கட்டைவிரல், ஒரு வரைபடம். தேவைப்பட்டது ஒரு படத்தைச் சுருக்குவது.

நியாயமாக நடந்துகொள்ளவேண்டும் என்பதற்காக, இன்று நான்கு மணிக்கு ஆர்டர் நேரம் முடிந்ததும் என் பழைய சர்வரையும் உங்கள் முறைப்படியே அளந்தேன். இன்று வெள்ளிக்கிழமை, மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு என்று ஒரே வரியில் சர்வரிடம் பொய் சொன்னேன். நொடிக்கு ஒன்பதாயிரத்து நூறு வந்தது. அறுபத்திரண்டு இல்லை, மச்சான். ஒன்பதாயிரத்து நூறு. அதைக் குழுவில் போடும் அளவுக்கு நான் இறங்கவில்லை. ஐந்து நிமிடம் போட்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டேன். அதற்குள் நாலு கட்டைவிரல்.

அந்த நேரம் பார்த்து உம்மா கொட்டகையிலிருந்து கத்தினார். படம் சுருங்கியதைக் கண்டுபிடித்துவிட்டார். "பிரியாணில இருந்த முந்திரி எங்கடா? மாப்ள அவ்ளோ ஆசையா எட்த்து குட்த்தது, இப்டி நசுக்கி வெச்சிகிற?" முக்கால் மணி நேரம் சமாதானம் செய்தேன். அங்கிருந்து நேராக வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே என் முடிவு இது. நாளை பழைய சர்வர்தான் ஓடும். நீங்கள் ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்து எதையும் மாற்றாமல் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளமாட்டேன். கேட்கத் தேவையில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். உங்கள் மீது அவநம்பிக்கை இல்லை. உங்கள் அளவுகள் மீதுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே சாவி.

ரமீஸா அக்காவுக்கு என் ஸலாம். அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டவேண்டியதில்லை. அவள் உங்கள் பக்கம் பேசினாலும் எனக்குக் கஷ்டம், என் பக்கம் பேசினாலும் உங்களுக்குக் கஷ்டம். உங்கள் துஆவில் உம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். என்னை வேண்டாம். என் பெயர் வந்தால் உங்கள் கவனம் சர்வருக்குப் போய்விடும்.

என்றும் உங்கள் நலம் நாடும் மைத்துனன்,
அஸ்கர் அலி

பின்குறிப்பு:
புதன், மாலை நான்கு மணி.

கடிதத்தை நேற்றே அனுப்பியிருக்கவேண்டும். கூரியர் கடை சாத்திவிட்டார்கள். அதனால் இதையும் எழுதவேண்டியிருக்கிறது.

காலை எட்டு ஐந்திலிருந்து ஒன்பது வரை நீங்கள் என்னைப் பதினான்கு தடவை கூப்பிட்டிருந்தீர்கள். நான் எடுக்கவில்லை. கடவுச்சொல் கேட்கத்தான் என்று நினைத்தேன். கடவுச்சொல் கேட்கத்தான் கூப்பிட்டீர்கள். அது சரியாக இருந்தது.

ஒன்பது மணிக்கு ரப்பர் கம்பெனி வாசலில் காவலாளி என் கைப்பேசியை வாங்கி ஒரு பெட்டியில் போட்டார்.

"உள்ள ஃபோன் வராது சார்."

"டீ டைம்ல தருவீங்களா?"

"இங்க யாருக்கும் கெடையாது. சாய்ங்காலம் போம்போதுதான். மேடத்துக்கு மட்டும் உண்டு."

அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவர் கையிலும் கைப்பேசி இல்லை. மூன்று வாரமாக நீங்களும் நானும் இவர்களுக்காகத்தான் சண்டை போட்டிருக்கிறோம். அவர்கள் எப்படி ஆர்டர் போடுவார்கள் என்று இரண்டு பேரும் கேட்கவே இல்லை.

பத்து மணிக்குக் குணசுந்தரி மேடம் வருகைப் பதிவேட்டைப் பிரித்து, தலையை எண்ணி, தன் ஒரே கைப்பேசியில் எங்கள் தளத்தைத் திறந்தார். ஒரே ஒரு கோரிக்கை. நான் பக்கத்தில் நின்றேன். பக்கம் கண் இமைக்கும் நேரத்துக்குள் வந்தது. அவ்வளவு வேகமாக நம் தளம் திறந்து நான் பார்த்ததில்லை. ஒரு கணம் பெருமையாக இருந்தது.

"ஜும்மா நேரம். இரண்டே காலுக்கு வாருங்கள்."

மேடம் என்னைப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"புதன்கிழமைங்க இன்னிக்கு."

நேற்று சர்வரிடம் சொன்ன அந்த ஒரு வரிப் பொய்யை நான் திரும்பப் பெறவில்லை. முந்திரி பிரச்சனையில் எழுந்து போனவன், அப்படியே கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். என் சர்வருக்கு நேற்று மாலையிலிருந்து ஒரே நிமிடம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. வெள்ளி, பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. அதைத் திருத்த என் கைப்பேசி வேண்டும், அது வாசலில் பெட்டிக்குள். நீங்கள் எட்டு மணிக்கே பார்த்துவிட்டீர்கள், ஒரே வரியில் திருத்தியிருப்பீர்கள், ஆனால் சாவி என்னிடம். குழுவில் "யாராவது அஸ்கரைப் பிடியுங்கள், தளம் மூடிக்கிடக்கிறது" என்று நீங்கள் எழுதியதை, வெளியே வந்து கைப்பேசியை வாங்கிய பிறகுதான் பார்த்தேன். பதினேழு கட்டைவிரல்.

மேடம் அங்கேயே உம்மாவுக்கு ஃபோன் போட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாமா, உங்க சைட்டு தொழுவப் போயிடுச்சி. சாப்பாடு வருமா வராதா?"

"அறுநூத்திப் பன்னெண்டுதான? திங்கக்கெழமையே உன்ன கேட்டு வெச்சிகினேனே மேடம். விடியகாத்தால உலை வெச்சிட்டேன். நம்ம பையன் சைட்ட நம்பியா அரிசி ஊற வெப்பாங்க?"

பன்னிரண்டு இருபதுக்கு வண்டி உள்ளே வந்தது. யாருக்கும் குறையவில்லை. இரண்டாவது தடவை ரசம் கேட்டவர்களுக்கும் இருந்தது. உம்மாவுக்கு ஒப்பந்தம் கிடைத்துவிட்டது. ஆர்டர் தளத்தில் விழவேண்டும் என்பதை மேடம் அடித்துவிட்டு, வேறொரு நிபந்தனையோடு. தினமும் பத்து மணிக்கு மேடம் ஃபோனில் எண்ணிக்கை சொல்லிவிடுவார். தளத்தின் பக்கம் வரமாட்டார். அதை அவர் எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வால்வு கம்பெனி லோகுவும் இன்று உம்மாவுக்கு ஃபோனில்தான் ஆர்டர் சொன்னார். முன்பைவிட வேகமாக இருக்கிறதாம். அதை அவர் எப்படி அளந்தார் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே மேலே எழுதியவற்றில் நூற்றெட்டு பைட் என்பதைத் தவிர மற்றதைத் திரும்பப் பெறுகிறேன். அது மட்டும் உண்மை, இருக்கட்டும். நம் இரண்டு சர்வரில் எது வேண்டுமானாலும் ஓடட்டும். நீங்களே வந்து பாருங்கள். உங்களுக்கு உள்ளே வழி வேண்டும் என்பதால் புதிய கடவுச்சொல்லைக் கீழே எழுதுகிறேன். திங்கட்கிழமை இருந்த மனநிலையில் வைத்தது. தயவுசெய்து அக்கா படிக்கும் முன் கிழித்துவிடுங்கள். இடைவெளி இல்லாமல், ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும்:

மச்சானுக்குமட்டும்சொல்லாதே108